மூளையைச் சுற்றி ரத்தம் கசிகிறதாம், தலைக்குள் எந்த ரத்தக்குழாயிலும் கோளாறே இல்லையாம்: அப்பாவுக்கு என்னதான் நடக்கிறது?

ஆற்றோரம்

வணக்கம். அப்பாவுக்கு வயது 56. 2018 வாக்கில் ஒரு காது மந்தமானது, அடுத்த வருடமே இன்னொன்றும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். அப்புறம் நடை போயிற்று. காலை அகட்டி வைத்து, சுவரைத் தடவித் தடவி நடக்கிறார். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, ஆனால் ஊரில் "அவர் குடிக்க ஆரம்பித்துவிட்டார்" என்று பேச்சு. அம்மாவை அதிகம் உடைத்தது அதுதான். போன வருடம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் புகை, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு வாசனையே தெரியவில்லை.

காதுக்கு ஒரு டாக்டர், தலைசுற்றலுக்கு ஒருவர், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று இன்னொருவர். இரண்டு வருடம் முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் "சிறுமூளை சற்றுச் சுருங்கியிருக்கிறது" என்பதோடு முடித்துவிட்டார்கள். போன மாதம் வேறொரு நியூரோ டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் மூளைத்தண்டும் சிறுமூளையும் கறுப்புப் பேனாவால் ஓரம் வரைந்தது போல இருக்கிறது. சூப்பர்ஃபிஷியல் சிடரோசிஸ் என்று பெயர் சொன்னார்: பல வருடமாக மூளையைச் சுற்றிய நீரில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, அந்த ரத்தத்தின் இரும்பு மூளை மேல் படிந்துவிட்டதாம். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் மஞ்சளாக, ஆறிப்போன டீத்தண்ணீர் போல இருந்தது. ஆஞ்சியோவும் எடுத்தாயிற்று. தலைக்குள் எந்த ரத்தக்குழாயிலும் வீக்கமோ ஓட்டையோ இல்லை. பிறகு ரத்தம் எங்கிருந்துதான் வருகிறது? இதைக் கேள்விப்பட்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

இரவுப்பணி

நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், 14 வருடமாக இந்த வேலை. டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். அந்தக் கறுப்புக் கோடு எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படமெடுக்கும் வரிசையில்தான் பளிச்சென்று தெரியும். இரும்பு காந்தப்புலத்தைக் கலைத்துவிடும், கலைந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். நேரம் மிச்சம் பிடிக்க அந்த வரிசையை எடுக்காமல் விடும் இடங்கள் உண்டு. இரண்டு வருடம் முன்பு எடுத்ததில் அது இருந்ததா என்று பாருங்கள். பிலிமை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, படங்கள் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு எப்போதாவது பெரிய விபத்து, கழுத்திலோ முதுகிலோ ஆபரேஷன்? எத்தனை வருடம் முன்பாக இருந்தாலும் சொல்லுங்கள். இன்னொன்று, இதுவரை எடுத்த ஸ்கேன் எல்லாம் தலைக்கு மட்டுமா, முதுகுத்தண்டு முழுவதுக்குமா?

ஆற்றோரம்

தலைக்கு மட்டும்தான் அண்ணா. விபத்து என்றால்... 1998ல், எனக்கு ஒரு வயது, அப்பா வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி இல்லை. தோள் தரையில் மோதி இடது கை அப்படியே விழுந்துவிட்டது. நரம்பு பிடுங்கிக்கொண்டது, இனி வராது என்றார்கள். அன்றிலிருந்து அந்தக் கை தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது, சட்டைப் பையில் விரலைச் செருகிக்கொண்டு நடப்பார். எங்களுக்கு அப்பா என்றாலே அப்படித்தான், அதனால் எந்த டாக்டரிடமும் அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? 27 வருடம் ஆகிறதே!

கொன்றைமரம்

இருக்கும். மிகவும் இருக்கும். நான் நரம்பியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு உங்கள் இரண்டாவது பதிவைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது.

வண்டியிலிருந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் இழுபடுகிறது. கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் முதுகுத்தண்டிலிருந்து வேரோடு பிடுங்கிக்கொள்கின்றன. செடியைப் பிடுங்கினால் மண்ணில் குழி விழுகிற மாதிரி, நரம்பு வெளியே வந்த இடத்தில் டூரா கிழிந்துபோகிறது. டூரா என்பது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் தடித்த உறை. தலையிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை ஒரே பை, உள்ளே ஒரே நீர். கிழிந்த இடத்தில் அந்த நீர் வெளியே பிதுங்கிச் சின்னப் பை போலத் தேங்கும். அந்தப் பையின் ஓரத்தில் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை, சும்மாவே கசியும். கழுத்தில் கசிந்த ரத்தம் நீரோடு கலந்து மேலே மூளை வரை போகும். வலி இல்லை, மயக்கம் இல்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. பத்து, இருபது, முப்பது வருடம் கழித்துக் காதும் நடையும் போகும்போது கையை யார் நினைக்கப்போகிறார்கள்?

ஏன் முதலில் காது என்றால், கேட்கும் நரம்பில் மூளை வகைக் கொழுப்புறை போர்த்திய பகுதி மற்ற பல நரம்புகளைவிட நீளம், அது அந்த நீரிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. சிவப்பணு உடைந்து வரும் இரும்பை அந்தப் பகுதியில் இருக்கும் துணைச் செல்கள் உறிஞ்சுகின்றன. சிறுமூளையில் பெர்க்மன் செல்கள் என்று ஒரு வகை இருக்கிறது, அவையும் இதே வேலையைச் செய்கின்றன. மூளையைக் காப்பாற்றத்தான் இரும்பைப் பிடித்து வைக்கின்றன, அளவு மீறும்போது அந்த இரும்பே அவற்றைத் தின்றுவிடுகிறது. வாசனை நரம்பும் இப்படித்தான். நீங்கள் சொன்ன பால் சம்பவத்தைப் படித்தபோதே எனக்கு மனம் திக்கென்றது.

இந்த நோயை 1908லேயே ஹாமில் என்பவர் பதிவு செய்திருக்கிறார். எம்.ஆர்.ஐ. வரும் வரை பெரும்பாலும் இறந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். 1995ல் அதுவரை வந்த நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது 95 சதவீதம் பேருக்குக் காது பாதிப்பு, 88 சதவீதம் பேருக்குத் தள்ளாட்டம். உங்கள் அப்பா அந்தப் பாடத்தில் அப்படியே இருக்கிறார்.

கழுத்துக்கும் முதுகு முழுவதுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். அதில் பை தெரிந்தால் சி.டி. மைலோகிராம், அதாவது முதுகு நீரில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன், தேவைப்படலாம். உங்கள் டாக்டரிடம் அந்த 1998 விபத்தைச் சொல்லுங்கள், அவருக்கே உடனே புரிந்துவிடும்.

கல்தூண்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்படி இழைகளைப் படித்துவிட்டுத் தலைவலி வந்தவரெல்லாம் முதுகு ஸ்கேன் கேட்டு நிற்பார்கள் என்பதுதான் என் பயம். என் தாத்தாவுக்கு 81. குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வாரம் கழித்துப் பேச்சு குழறி, ஒரு பக்கக் கால் இழுத்தது. மூளையைச் சுற்றிப் பழைய ரத்தம் தேங்கியிருக்கிறது என்று மண்டையில் இரண்டு துளை போட்டு எடுத்தார்கள். என்ஜின் ஆயில் மாதிரி இருந்தது என்று சர்ஜன் சொன்னார். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இதய மாத்திரையாக ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு காரணம், வயது ஒரு காரணம். அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இதுதானே நடக்கிறது?

கொன்றைமரம்

உங்கள் தாத்தாவுக்கு வந்தது வேறு சார், சப்டூரல். அது டூராவுக்குக் கீழே ஒரு அடுக்காகத் தேங்குவது. ஆற்றோரம் அப்பாவுக்கு அதற்கும் உள்ளே, நீரிலேயே கலந்து வருவது. வயதானவர்களின் சப்டூரல் பற்றி நீங்கள் சொல்வது சரி. வயதாக ஆக மூளை சுருங்கும், மூளைக்கும் டூராவுக்கும் நடுவில் பாலம் போலப் போகும் சிரைகள் இழுபட்டு நிற்கும், லேசாக இடித்தாலே கிழியும். அப்படிப்பட்டவருக்கு முதுகு ஸ்கேன் வேண்டாம். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதை எல்லோருக்கும் பொருத்தினால்தான் சிக்கல். நாற்பது வயதுக்காரர், அடியே படவில்லை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் தேங்கியிருக்கிறது, எடுத்தால் மறுபடி வருகிறது என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

மழைக்காகிதம்

அந்த நாற்பது வயதுக்காரி நான்தான். எனக்கு அப்போது 38. இதை எங்கேயும் எழுதியதில்லை, இங்கே எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியை. ஒரு நாள் காலை பின்மண்டையிலிருந்து வலி ஆரம்பித்தது. எழுந்து நின்றால் பத்து நிமிடத்தில் தலையைக் கீழே பிடித்து இழுப்பது போல இருக்கும், படுத்தால் அரை மணியில் போய்விடும். இரண்டாவது பீரியட் முடிந்ததும் ஆசிரியர் அறை பெஞ்சில் போய்ப் படுத்துவிடுவேன். சக ஆசிரியைகள் வேலைக்குச் சோம்பல் என்று நினைத்தார்கள், பிறகு ஒரு பெண் அதை முகத்துக்கு நேராகவே சொன்னாள். சைனஸ் என்றார்கள், ஒற்றைத் தலைவலி என்றார்கள், மனஅழுத்தம் என்றார்கள். படுத்தால் சரியாகிறது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். யாரும் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்து வலி மாறியது, படுத்தாலும் போகவில்லை, வாந்தி. சி.டி. ஸ்கேனில் இரண்டு பக்கமும் சப்டூரல். எங்காவது விழுந்தீர்களா என்று நாலு பேர் கேட்டார்கள். வீட்டில் கணவர் அடிப்பாரா என்று ஒருவர் தனியாக அழைத்துக் கேட்டார். அதில் தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் என் கணவர் வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். துளை போட்டு எடுத்தார்கள். மூன்று வாரத்தில் மறுபடி தேங்கியது. மறுபடி எடுத்தார்கள். அந்த இரண்டாவது முறைக்குப் பிறகு தேறுவதற்குப் பதிலாக நான் தூங்கிக்கொண்டே போனேன், எழுப்பினால் கண் திறப்பேன், மறுபடி போய்விடுவேன்.

வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வயதான டாக்டர் ஸ்கேனைப் பார்க்கும் முன் என் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "ஆரம்பத்தில் படுத்தால் வலி போனதா?" என்பதுதான். கான்ட்ராஸ்ட் என்ற, படத்தைத் தெளிவாக்கும் மருந்தை ஊசியில் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டூரா முழுவதும் வெளிச்சமாக எரிகிறது, மூளை கீழே சரிந்து உட்கார்ந்திருக்கிறது. நடு முதுகில் முதுகெலும்புத் தட்டின் ஓரத்தில் எலும்பு முள் போல வளர்ந்து டூராவைக் குத்தியிருந்தது. அங்கிருந்து நீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நம் உடம்பில் எந்த நேரத்திலும் அந்த நீர் சுமார் 150 மில்லிதான் இருக்கிறது. குறைந்தால் மூளை மிதக்க முடியாமல் தொங்கும், அந்தப் பாலச் சிரைகளை இழுக்கும், காலியான இடத்தில் ரத்தம் தேங்கும். தேங்கியதை மட்டும் எடுத்தால் மூளை இன்னும் கீழே இறங்கும். எனக்கு நடந்தது அதுதான்.

என் கையிலிருந்தே 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகில் டூராவுக்கு வெளியே செலுத்தினார்கள். ஓட்டை போன டியூபுக்கு ஒட்டுப் போடுவது போல. பத்து நாள் சொர்க்கம், பிறகு பழையபடி. இரண்டாம் முறையும் அப்படியே. கடைசியில் ஆபரேஷன் செய்து அந்த முள்ளை எடுத்து ஓட்டையைத் தைத்தார்கள். அதன் பிறகு ஒரு மாதம் வலி தலைகீழாக மாறியது, படுத்தால் வலி, உட்கார்ந்தால் குறையும். அடைபட்டதும் அழுத்தம் கொஞ்ச நாள் கூடும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும். மண்டையில் இருந்த ரத்தத்தை அதன் பிறகு யாரும் தொடவே இல்லை. தானாகக் கரைந்துவிட்டது.

கல்தூண்

அக்கா, படித்தேன். நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம், இப்போது தொடை வழியாகக் கம்பி விட்டு ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் சப்டூரல் திரும்ப வராது என்கிறார்களே, உங்களுக்கு அதைச் சொல்லவில்லையா?

கொன்றைமரம்

அது டூராவுக்கு ரத்தம் தரும் நடு மெனிஞ்சியல் தமனியை அடைப்பது. நல்ல சிகிச்சைதான். தேங்கிய ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு உருவாகும், அதில் முளைக்கும் குழாய்கள் கசிந்துகொண்டே இருக்கும், அவற்றின் உணவை நிறுத்துகிறோம். 2024ல் வந்த எம்போலைஸ் என்ற ஆய்வில் 400 பேர், ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது, இதையும் சேர்த்துச் செய்தவர்களில் 4.1 சதவீதம். கல்தூண் தாத்தா போன்றவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் அக்காவுக்கு அதைச் செய்திருந்தாலும் முதுகில் இருந்த ஓட்டை அப்படியேதானே இருந்திருக்கும்.

இந்த இழையில் இரண்டு பேர் கதையும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்தீர்களா? ஆற்றோரம் அப்பாவுக்குக் கழுத்தில் கிழிசல், அக்காவுக்கு நடு முதுகில். தண்டுவடத்துக்கு முன்புறம் இருக்கும் கிழிசல் பல வருடம் மூடாமல் இருந்தால் சிலருக்குப் பின்னால் அதே இரும்புப் படிவும் வருகிறது. அக்கா, உங்களுடையது மூடியாயிற்று, பயமுறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது எஸ்.டபிள்யூ.ஐ. சேர்க்கச் சொல்லுங்கள், போதும்.

வெல்லப்பாகு

பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்கிறார்களே, அந்த ஓட்டையாலும் இப்படி வருமா?

கொன்றைமரம்

அபூர்வமாக வரும். ஊசி ஓட்டையால் தலைவலி வருவது தெரிந்த விஷயம், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் போய்விடும். போகாமல் நீடித்தால், குறிப்பாக படுத்தாலும் விடாத வலியாக மாறினால், "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள். தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

வெல்லப்பாகு

நன்றி. என் நாத்தனார் மகன் கதை வேறு. பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் கசிந்தது. மூன்று வயதில் கட்டிலிலிருந்து விழுந்தான், அன்று நன்றாக விளையாடினான், இரண்டாம் நாள் தலைக்குள் ரத்தம். ரத்தம் உறையும் சோதனை எல்லாம் நார்மல் நார்மல் என்றே வந்தது. கடைசியில் ஃபேக்டர் 13 என்ற, ரத்தம் உறைய உதவும் புரதம் குறைவு. வழக்கமான சோதனைகளில் அது தெரியவே தெரியாதாம், உறைந்த கட்டி யூரியாவில் கரைகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டுமாம். அவர்கள் தாய்மாமனைக் கட்டிய வீடு, இரண்டு பக்கமிருந்தும் அதே குறை வந்திருக்கிறது. இப்போது நாலு வாரத்துக்கு ஒரு முறை அதை ஏற்றுகிறார்கள், பள்ளிக்குப் போகிறான். சொந்தத்தில் கட்டிய வீடுகளில் தொப்புளில் ரத்தம் நிற்காத குழந்தை இருந்தால் இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோரம்

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். கழுத்தில் எடுத்தார்கள். இடது பக்கம், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், இரண்டு நரம்பு பிடுங்கிய குழியில் நீர்ப்பை. டாக்டர் படத்தைக் காட்டியபோது அப்பா தன் தொங்கும் கையை இன்னொரு கையால் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்குக் கேட்காது என்பதால் எல்லாவற்றையும் நோட்டில் எழுதித்தான் காட்டினேன். "அந்த விபத்து இன்னும் முடியவில்லை அப்பா" என்று எழுதினேன். அடுத்த வாரம் ஆபரேஷன். கிழிசலைத் தசைத் துண்டு வைத்து அடைப்பார்களாம். போன காது திரும்பாது, மேற்கொண்டு போகாமல் நிறுத்தத்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இரும்பை எடுக்க டெஃபெரிப்ரோன் என்ற மாத்திரையும் பேச்சில் வந்தது. யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

சிவப்பணு

என் மகளுக்குத் தலசீமியா (அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை ரத்தநோய்), அந்த மாத்திரையை ஒன்பது வருடமாகக் கொடுக்கிறோம். தம்பி, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு வெள்ளை அணுக்களைத் திடீரென்று இறக்கிவிடும். தொடங்கும் காலத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், ஒரு வாரம் தவறினாலும் மாத்திரையை வாங்கக் கூடாது என்று நாங்களே விதி வைத்திருக்கிறோம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும், மெடிக்கல் கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், அது பயப்பட வேண்டியதில்லை.

கொன்றைமரம்

சிவப்பணு சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. மற்ற இரும்பு எடுக்கும் மருந்துகளைவிட இது மூளைக்குள் நன்றாகப் போகும் என்பதால்தான் இந்த நோயில் முயற்சி செய்கிறார்கள். ஆனால் ஆய்வுகள் சிறியவை, சிலருக்குப் படிவு குறைந்தது, சிலருக்கு மாற்றமில்லை. என் கருத்து, முதலில் குழாயை மூட வேண்டும், அப்புறம்தான் தரையைத் துடைப்பது. காதுக்கு, காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் பொருத்தும் மின்கருவி) சிலருக்கு உதவியிருக்கிறது, நரம்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆபரேஷன் முடிந்து தேறிய பிறகு கேளுங்கள்.

ஆற்றோரம்

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். இடையில் எழுத மனம் வரவில்லை, மன்னியுங்கள். நடை முன்பைவிட மோசமாகவில்லை, நாலுகால் ஊன்றுகோலோடு டீக்கடை வரை போய் வருகிறார். கடைக்காரரிடம் நானே ஸ்கேன் படத்தைக் காட்டிவிட்டு வந்தேன், இனி அந்தப் பேச்சு இருக்காது. நேற்று மறுபடி முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். குழாயில் சொட்டியது குடிக்கும் தண்ணீர் போலவே இருந்தது. அப்பாவுக்குக் குழாயைத் தூக்கிக் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரையை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் தலை ஸ்கேன்.

இரவுப்பணி

படித்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தி இதை எழுதுகிறேன் தம்பி. ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன், அடுத்த மாதம் படத்தில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியேதான் இருக்கும். அது பழைய ரத்தத்தின் இரும்பு, ஓட்டையை அடைத்த உடனே போகாது. ரிப்போர்ட்டில் மறுபடி அதே பெயரைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் உடைந்துபோக வேண்டாம். கழுத்தையும் எடுத்தால் அந்தப் பை சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய சி.டி. தட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.